எல்க் வேட்டையும் 1868-இல் கொடுத்த வாக்கும்

இது எங்கள் எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது திரும்பத் திரும்ப வந்த வாக்கியங்களை மட்டும் வெட்டியிருக்கிறோம்.

இன்னைக்கு நாம போகப்போற இடம் அமெரிக்காவின் ராக்கி மலைப்பகுதி. குறிப்பாக வயோமிங் மாநிலம். விஷயம், எல்க் வேட்டை.

"வேட்டையா? நமக்கு எதுக்கு அது?"ன்னு கேக்கலாம். என்கூட காலேஜ்ல படிச்ச நண்பர் ஒருத்தர் டென்வர்ல வேலை பார்க்கிறார். அவரோட டீம்ல நாலு பேர் வருஷா வருஷம் செப்டம்பர்ல ஒரு வாரம் லீவு போட்டுட்டு மலைக்குக் கிளம்பிடுவாங்களாம். சிக்னல் கிடையாது, ரோடு கிடையாது, கூடாரமும் முதுகுப் பையும்தான். அவர் சொன்னதில் என்னை இழுத்தது வேட்டை இல்லை. அந்த நாலு பேரும் மலை ஏறுவதற்கு முன்னால் தாண்ட வேண்டிய பெர்மிஷன் சிஸ்டம். யார் போகலாம், எங்கே போகலாம், எந்தத் தேதியில், எத்தனை விலங்கு, எல்லாத்துக்கும் ஒரு விதி இருக்கிறது. அந்த விதிகள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் போனபோது 1868-இல் போய் நின்றேன். அந்தக் கதைதான் இன்றைய எபிசோட்.

முதலில் அந்த விலங்கு

எல்க், மான் குடும்பத்திலேயே பெரிய விலங்குகளில் ஒன்று. நன்றாக வளர்ந்த ஆண் 300 கிலோ வரும். கொம்பு வருஷா வருஷம் உதிர்ந்து புதிதாக முளைக்கும். செப்டம்பர் இணைசேரும் காலம். அப்போது ஆண் எல்க் கத்துகிற சத்தத்தை யூடியூபில் ஒரு தடவை கேட்டுப் பாருங்க. அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து உறுமல் வரும்னு நினைப்போம். வர்றது நீளமான, கீச்சென்ற விசில்.

பெயரில் ஒரு குழப்பம் உண்டு. ஐரோப்பாவில் எல்க் என்றால் மூஸ். அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயர்கள் வேறொரு பெரிய மானைப் பார்த்து, தெரிந்த பெயரையே அதற்கும் வைத்துவிட்டார்கள். ஷானி மக்களின் மொழியில் அதன் பெயர் வாபிடி, அதாவது வெள்ளைப் பின்புறம் கொண்டது. இதே வேலையை ஆங்கிலேயர்கள் நம்ம பக்கமும் செய்திருக்கிறார்கள். ஊட்டியில் எல்க் ஹில் இருக்கிறது இல்லையா, முருகன் கோவில் இருக்கிற குன்று? அங்கே எல்க் என்றைக்குமே இருந்ததில்லை. நீலகிரியிலும் இலங்கை மலைகளிலும் வேட்டையாடிய வெள்ளைக்காரர்கள் கடமானைத்தான் எல்க் என்று எழுதினார்கள்.

மூன்று அட்மின்கள்

இப்போது அந்த நாலு பேரின் பயணத்துக்கு வருவோம். ஏன் நாலு பேர்? 3,000 மீட்டர் உயரத்தில், வண்டி போகாத இடத்தில் ஒரு ஆண் எல்க்கை வீழ்த்தினால், எலும்பு நீக்கிய இறைச்சியே 100 கிலோ அளவுக்குத் தேறும். அதை முதுகில்தான் சுமக்க வேண்டும். சாப்பிடக்கூடிய இறைச்சியைக் காட்டிலேயே விட்டுவிட்டு வந்தால் குற்றம். ஒருத்தர் மட்டும் போனால் திரும்பத் திரும்ப ஏறி இறங்கி நாள் கணக்காகும். அதனால்தான் இது பெரும்பாலும் நண்பர்கள் சேர்ந்து செய்கிற விஷயம். ஊருக்கு வந்து பங்கு போட்டால் ஒவ்வொரு வீட்டு ஃப்ரீசரிலும் பல மாதத்துக்கு இறைச்சி இருக்கும்.

சட்டம்தான் இங்கே சுவாரசியம். நிலம் பெரும்பாலும் மத்திய அரசுடையது: தேசியக் காடுகள். யார் வேண்டுமானாலும் நடந்து போகலாம். ஆனால் அந்த நிலத்தில் மேய்கிற விலங்குக்கு மத்திய அரசு பொறுப்பல்ல. காட்டு விலங்குகளை மக்கள் சார்பில் மாநில அரசு நிர்வகிக்கிறது. வேட்டையாட மாநிலத்திடம் டேக் வாங்க வேண்டும். பல பகுதிகளுக்குக் குலுக்கல். கிடைக்காதவர்களுக்குப் பாயின்ட் சேரும், சிலர் வருஷக்கணக்கில் சேர்க்கிறார்கள்.

வயோமிங்கில் இன்னொரு விதியும் உண்டு. மத்திய அரசு "வில்டர்னஸ்" என்று அறிவித்த காடுகளுக்குள் வெளிமாநிலத்துக்காரர் எல்க் வேட்டைக்குப் போக வேண்டுமானால், தொழில்முறை வழிகாட்டி கூட இருக்க வேண்டும். இல்லையென்றால் அனுமதிச் சீட்டு வாங்கிய ஒரு வயோமிங்காரர் கூட இருக்க வேண்டும். நிலம் நாட்டுக்கே சொந்தம். ஆனால் அதில் துப்பாக்கியோடு நுழைய உங்களுக்கு ஒரு உள்ளூர் நண்பர் தேவை.

என் தொழில் பாஷையில் சொன்னால், ஒரே சர்வருக்கு இரண்டு அட்மின். நிலத்துக்கு ஒருவர், விலங்குக்கு ஒருவர். ஆனால் மூன்றாவது அட்மின் ஒருவர் இருக்கிறார். மாநிலம் உருவாவதற்கு முன்பே அவருக்கு அக்சஸ் கொடுத்தாகிவிட்டது, எழுத்துப்பூர்வமாக. அதற்குப் பிறகு வந்தவர்கள்தான் அதை மறந்துவிட்டார்கள்.

எல்க் எப்படிப் போனது, எப்படி வந்தது

ஐரோப்பியர்கள் வருவதற்கு முன் வட அமெரிக்காவில் சுமார் 1 கோடி எல்க் இருந்திருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. கிழக்குக் கடற்கரைக் காடுகளிலும் இருந்தன. 19-ஆம் நூற்றாண்டில் காடு வயலானது. சுரங்க ஊர்களுக்கும் ரயில் பாதை போட்டவர்களுக்கும் இறைச்சி வேண்டியிருந்தது. தோலுக்கும் விலை இருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு லட்சத்துக்கும் குறைவாகவே மிஞ்சின. கிழக்குப் பகுதியில் வாழ்ந்த எல்க் வகை முற்றிலும் அழிந்துபோனது.

பல்லுக்காகவும் கொன்றார்கள். எல்க்குக்கு மேல் தாடையில் தந்தம் போன்ற இரண்டு பற்கள் உண்டு. ஒரு விலங்குக்கு இரண்டே இரண்டு. 1868-இல் நியூயார்க்கில் "எல்க்ஸ்" என்ற பெயரில் ஒரு சகோதரச் சங்கம் தொடங்கியது. அதன் உறுப்பினர்கள் பாக்கெட் கடிகாரச் சங்கிலியில் எல்க் பல்லை மாட்டிக்கொள்வது பிற்பாடு ஃபேஷனானது. பல்லை மட்டும் பிடுங்கிக்கொண்டு உடலை அப்படியே விட்டுப் போகிற கும்பல்கள் வயோமிங்கின் ஜாக்சன் ஹோல் பள்ளத்தாக்கில் சுற்றின.

அதே பல்லுக்கு இன்னொரு வாழ்க்கையும் இருந்தது. மொன்டானா, வயோமிங் பகுதியில் வாழும் க்ரோ மக்கள், அவர்கள் தங்களை அழைத்துக்கொள்வது அப்ஸாலோகே, பெண்களின் உடையில் எல்க் பற்களை வரிசை வரிசையாகத் தைப்பார்கள். ஒரு உடையில் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒரு விலங்குக்கு இரண்டு பல் என்றால் அந்த உடைக்குப் பின்னால் எத்தனை வருஷ வேட்டை, எத்தனை அண்ணன் தம்பிகளின் உழைப்பு என்று கணக்குப் போட்டுப் பாருங்க. அந்த வேட்டையில் இறைச்சியும் தோலும்கூட வீட்டுக்கு வந்தன. இன்றும் க்ரோ திருவிழாவில் அந்த உடையைப் பார்க்கலாம். நிஜப் பல் கிடைக்காமல், எலும்பில் செதுக்கியும் பிளாஸ்டிக்கிலும் செய்த பற்கள் நிறைய வந்துவிட்டன.

மீட்புக் கதையும் உண்மைதான். 1887-இல் தியோடர் ரூஸ்வெல்ட்டும் நண்பர்களும் பூன் அண்ட் க்ராக்கெட் கிளப்பைத் தொடங்கினார்கள். 1900-இல் லேசி சட்டம் வந்தது. மாநிலச் சட்டத்தை மீறிக் கொன்ற விலங்கை மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோய் விற்பது மத்தியக் குற்றமானது. ஜாக்சன் ஹோலில் பனிக்காலத்தில் எல்க் இறங்கி மேய்ந்த பள்ளத்தாக்கைப் பண்ணைகள் அடைத்துவிட்டதால் ஆயிரக்கணக்கில் பட்டினியால் செத்தன. 1912-இல் அங்கே தேசிய எல்க் சரணாலயம் வந்தது. யெல்லோஸ்டோன் எல்க்குகளை ரயிலில் ஏற்றிப் பல மாநிலங்களுக்கு அனுப்பினார்கள். பென்சில்வேனியாவுக்கு 1913-இல் போய்ச் சேர்ந்தன. 1937-இல் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம். வேட்டைத் துப்பாக்கி, தோட்டா மீதான வரி, இன்றைக்கு 11 சதவீதம், மாநிலங்களின் வனவிலங்குத் துறைகளுக்குப் போகிறது. இன்று வட அமெரிக்காவில் சுமார் 10 லட்சம் எல்க் இருக்கின்றன.

"வேட்டைக்காரர்களின் பணம்தான் எல்க்கைக் காப்பாற்றியது" என்று அமெரிக்க வேட்டைக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அதில் பெரிய அளவு நியாயம் உண்டு. ஆனால் அந்தக் கதையில் ஒரு தரப்பு காணோம்.

1868: வாக்கு

1868-இல் அமெரிக்க அரசு இரண்டு ஒப்பந்தங்கள் போட்டது. மே மாதம் ஃபோர்ட் லாரமியில் க்ரோ மக்களோடு. ஜூலை மாதம் ஃபோர்ட் பிரிட்ஜரில் ஷோஷோனி, பானக் மக்களோடு. க்ரோ மக்கள் மட்டுமே 3 கோடி ஏக்கருக்கு மேல் விட்டுக்கொடுத்தார்கள். அவர்களுக்கு மிஞ்சியது சுமார் 80 லட்சம் ஏக்கர் ஒதுக்கீட்டு நிலம்.

இவ்வளவு நிலத்தைக் கொடுத்தவர்களுக்குப் பதிலாக என்ன கிடைத்தது? அதில் முக்கியமான ஒன்று, ஒதுக்கீட்டு நிலத்துக்கு வெளியேயும் வேட்டையாடும் உரிமை. நிபந்தனைகள் இருந்தன: நிலம் அமெரிக்க அரசுடையதாகவும் யாரும் குடியேறாததாகவும் இருக்க வேண்டும், அங்கே விலங்குகள் இருக்க வேண்டும், எல்லையில் அமைதி இருக்க வேண்டும். ஒரு மாநிலம் உருவானால் இந்த உரிமை முடிந்துவிடும் என்று எங்கேயும் எழுதவில்லை.

தேதியைக் கவனிங்க. வயோமிங் பிரதேசம் உருவானது 1868 ஜூலை 25. மாநிலமானது 1890. இரண்டு ஒப்பந்தங்களுமே வயோமிங்கை விட மூத்தவை. அமெரிக்க அரசியல் சட்டத்தின்படி ஒப்பந்தம் நாட்டின் உச்ச சட்டங்களில் ஒன்று. மாநிலச் சட்டம் அதற்குக் கீழேதான்.

1895: ஜாக்சன் ஹோல்

1890-களில் ஜாக்சன் ஹோலில் குடியேறியவர்களுக்குப் பண்ணையில் பெரிதாக வருமானம் இல்லை. கிழக்கிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் கொம்புக்காக வேட்டையாட வரும் பணக்காரர்களுக்கு வழிகாட்டியாகப் போவதில்தான் காசு. அந்தத் தொழிலுக்கு எல்க் வேண்டும். இடாஹோவின் ஃபோர்ட் ஹாலில் இருந்து ஒப்பந்த உரிமையோடு வந்து, குடும்பமாக முகாமிட்டு, குளிர்காலத்துக்கு இறைச்சி உலர்த்திய பானக் மக்கள் அவர்கள் கண்ணுக்குப் போட்டியாளர்களாகத் தெரிந்தார்கள்.

மாநிலத்தின் வேட்டைக் காலச் சட்டம் கையில் கிடைத்தது. நியாயமாகச் சொன்னால், எல்க் குறைந்துகொண்டிருந்தது நிஜம், சட்டம் தேவைப்பட்டதும் நிஜம். ஆனால் அதை யார் மேல் பாய்ச்சினார்கள் என்பதுதான் கேள்வி.

1895 ஜூலையில் ஒரு கான்ஸ்டபிள் தலைமையில் துப்பாக்கியோடு போன உள்ளூர்க் குழு, பானக் முகாம் ஒன்றைச் சுற்றி வளைத்தது. ஆண்கள், பெண்கள், குழந்தைகள் எல்லோரையும் ஆயுதம் பறித்து நடத்திக்கொண்டு போனார்கள். காட்டுப் பகுதி வந்ததும், கொல்லப்போகிறார்கள் என்று பயந்து அவர்கள் சிதறி ஓடினார்கள். குழு சுட்டது. ஒரு முதியவர் இறந்தார். ஒரு கைக்குழந்தை காணாமல் போனது.

கிழக்கே பத்திரிகைகளில் வந்த செய்தி வேறு: ஜாக்சன் ஹோல் குடியேறிகளைப் பூர்வகுடிகள் கொன்று குவித்துவிட்டார்கள் என்று. ராணுவம் அனுப்பப்பட்டது. வந்து பார்த்தால் அப்படி எதுவுமே நடக்கவில்லை.

துப்பாக்கிக்குப் பிறகு வழக்கு. உரிமை இருக்கிறதா இல்லையா என்று நீதிமன்றமே சொல்லட்டும் என்று ஒரு சோதனை வழக்கு நடந்தது. ஏழு எல்க்கைக் கொன்றதாக ரேஸ் ஹார்ஸ் என்ற பானக் வேட்டைக்காரர் மீது குற்றச்சாட்டு. அவரைப் பிடித்து வைத்திருந்த ஷெரிஃப் பெயர் வார்ட். அதனால் வழக்கின் பெயர் "வார்ட் எதிர் ரேஸ் ஹார்ஸ்". கீழ் நீதிமன்ற நீதிபதி, ஒப்பந்தம் செல்லும் என்று அவரை விடுவித்தார். மேல்முறையீட்டில் 1896 மே 25 அன்று உச்ச நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது.

நீதிமன்றம் சொன்ன காரணம் இது: வயோமிங் மற்ற மாநிலங்களுக்குச் சமமான அந்தஸ்தோடு சேர்ந்தது. மற்ற மாநிலங்கள் தங்கள் விலங்குகளைக் கட்டுப்படுத்தலாம் என்றால் வயோமிங்கும் கட்டுப்படுத்தலாம். எனவே மாநிலமானபோதே ஒப்பந்த உரிமை தானாகவே காலாவதி. ஒப்பந்தத்தை யாரும் ரத்து செய்யவில்லை, பூர்வகுடிகளிடம் யாரும் கேட்கவில்லை. ஒரு ரிலீஸ் வந்தது, பழைய யூசரின் அக்சஸ் போய்விட்டது, நோட்டிஃபிகேஷன்கூட வரவில்லை.

எதிர்த்துத் தீர்ப்பு எழுதியவர் ஒரே ஒருவர், ஹென்றி பிரௌன். இவர் யார் தெரியுமா? சரியாக ஒரு வாரம் முன்பு, மே 18 அன்று, ரயிலில் கறுப்பர்களுக்கும் வெள்ளையர்களுக்கும் தனித்தனிப் பெட்டி வைப்பது சட்டப்படி சரி என்ற பிளெஸ்ஸி வழக்கின் தீர்ப்பை எழுதியவர். அங்கே அவ்வளவு அநியாயமாக எழுதியவருக்கே, இங்கே ஒப்பந்தத்தை மீறுவது சரியாகப் படவில்லை.

2014: கோட்டைத் தாண்டிய எல்க்

பிளெஸ்ஸி வழக்கின் கொள்கையை 1954-இல் தூக்கி எறிந்தார்கள். ரேஸ் ஹார்ஸ் அப்படிப் போகவில்லை. 1999-இல், மின்னசோட்டாவின் ஒஜிப்வே மக்கள் தொடர்பான மில் லாக்ஸ் வழக்கில், மாநிலமானதால் மட்டும் ஒப்பந்த உரிமை அழியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் பழைய தீர்ப்பைப் பெயர் சொல்லி ரத்து செய்யவில்லை. நம்ம ஆளுங்களுக்கு இது புரியும்: ஃபங்ஷனை டெப்ரிகேட்டட் என்று மார்க் பண்ணியாச்சு, டெலிட் பண்ணலை. வயோமிங் அதைக் கால் பண்ணிக்கொண்டே இருந்தது.

2014 குளிர்காலம். க்ரோ இனத்தைச் சேர்ந்த க்ளேவின் ஹெரேராவும் அவரோடு சில க்ரோ மக்களும் மொன்டானாவில் தங்கள் ஒதுக்கீட்டு நிலத்தில் ஒரு எல்க் கூட்டத்தைப் பின்தொடர்ந்தார்கள். கூட்டம் எல்லையைத் தாண்டி வயோமிங்கின் பிக்ஹார்ன் தேசியக் காட்டுக்குள் போனது. இவர்களும் போனார்கள். சில ஆண் எல்க்குகளைச் சுட்டு, இறைச்சியோடு திரும்பினார்கள். குடும்பத்துக்கும் இனத்தாருக்கும் குளிர்கால உணவு என்பது அவர்கள் தரப்பு.

டென்வர் டீமின் பயணத்தை இதோடு வைத்துப் பாருங்க. நண்பர்கள், பனி மலை, சுமந்து வந்த இறைச்சி, வீட்டு ஃப்ரீசர். வித்தியாசம், இவர்கள் கையில் மாநிலத்தின் டேக் இல்லை, அது வேட்டைக் காலமும் இல்லை. இவர்களிடம் இருந்தது 1868 ஒப்பந்தம். வயோமிங் ஹெரேரா மீது வழக்குப் போட்டது. விசாரணையில் ஒப்பந்தத்தைப் பற்றி ஜூரியிடம் பேசவே அனுமதிக்கவில்லை. குற்றவாளி என்று தீர்ப்பு, நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை, அபராதம், மூன்று வருஷம் வேட்டைத் தடை.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019 மே 20 அன்று 5-க்கு 4 என்ற கணக்கில் ஹெரேரா பக்கம் தீர்ப்பு. எழுதியவர் நீதிபதி சோனியா சோட்டோமேயர். பழமைவாத அணியில் இருந்து நீல் கோர்சச் வந்து சேர்ந்ததால்தான் ஐந்தாவது ஓட்டுக் கிடைத்தது. மாநிலமானதால் ஒப்பந்த உரிமை அழிந்துவிடும் என்ற ரேஸ் ஹார்ஸ் வாதம் இனிச் செல்லாது என்று இந்த முறை வெளிப்படையாகவே எழுதினார்கள்.

வயோமிங் இன்னொரு வாதமும் வைத்தது: 1897-இல் தேசியக் காடாக அறிவித்ததும் அந்த நிலம் "குடியேறிய நிலம்" ஆகிவிட்டது என்று. நீதிமன்றம் ஏற்கவில்லை. 1868-இல் கையெழுத்துப் போட்ட க்ரோ மக்கள் அந்தச் சொல்லை எப்படிப் புரிந்துகொண்டிருப்பார்கள் என்று பார்த்தது. குடியேற்றம் என்றால் வீடு, பண்ணை, ஆட்கள். காடாக அறிவித்தது குடியேற்றத்தைத் தடுத்ததே தவிரக் கொண்டுவரவில்லை.

இன்னும் முடியாதது

இதோடு எல்லாம் சுபம் என்று சொல்லிவிட முடியாது. இரண்டு கேள்விகளை உச்ச நீதிமன்றம் கீழ் நீதிமன்றங்களுக்கு விட்டுவைத்தது. ஒன்று, காட்டுக்குள் ஏதாவது ஒரு குறிப்பிட்ட இடம் "குடியேறிய நிலம்" ஆகுமா? இரண்டு, விலங்கைக் காப்பாற்றுவதற்கு அவசியம் என்று நிரூபித்தால் மாநிலம் ஒப்பந்த வேட்டையையும் கட்டுப்படுத்தலாமா?

வயோமிங்கின் கவலையை நான் சும்மா தள்ளிவிட மாட்டேன். பனிக்காலத்தில் எல்க் பலவீனமாக இருக்கும், பெண் எல்க்குகள் சினையாக இருக்கும். வேட்டைக் காலம் என்ற விதி இருப்பதே அதற்காகத்தான். ஆனால் "எனக்குக் கவலை இருக்கிறது, அதனால் உன் ஒப்பந்தம் செல்லாது" என்பதும், "அவசியம் என்று காட்டுகிறேன், இந்த அளவுக்குக் கட்டுப்படுத்துகிறேன்" என்பதும் ஒன்றல்ல. முதல் வழியில் ஒப்பந்தம் இல்லாமலே போய்விடுகிறது. இரண்டாவது வழியில் மாநிலம் க்ரோ மக்களுக்கு எதிரே உட்கார்ந்து கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறது. 1895-இல் அந்த உட்கார்ந்து பேசுதல் நடந்திருந்தால் ஒரு முதியவர் செத்திருக்க மாட்டார்.

1896-இலிருந்து 2019 வரை 123 வருஷம். ஒப்பந்தத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. நிலம் அங்கேயே இருந்தது. அழிவின் விளிம்புக்குப் போன எல்க் திரும்பி வந்தது, அதற்குப் பலர் பாடுபட்டார்கள், அவர்களுக்கு நன்றி சொல்லலாம். ஆனால் "விலங்குகள் இருக்கும் வரை" என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியவர்களுக்கு, விலங்குகள் திரும்பி வந்த பிறகும் கதவு மூடியே இருந்தது. டென்வர் நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் அந்த நாலு பேரிடமும் கேட்டிருக்கிறார். பிக்ஹார்ன் பக்கமே போயிருக்கிற ஒருத்தருக்கும் இந்த வழக்கு தெரியவில்லையாம். இப்போது கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள், அதுவரைக்கும் சந்தோஷம்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது அமெரிக்காவில் தேசியக் காடுகளுக்கு ட்ரெக் போகிறவர்களாக இருந்தால் இந்த எபிசோடை அனுப்புங்க. போகிற இடத்துக்கு எந்த இனத்தோடு, எந்த வருஷம், என்ன ஒப்பந்தம் போட்டார்கள் என்று ஒரு தடவை தேடிப் பார்க்கச் சொல்லுங்க. கேள்விகள் இருந்தால் எழுதுங்க, அடுத்த எபிசோடின் தொடக்கத்தில் பேசலாம்.